தைராய்டு கட்டி: சிகிச்சையை ஆளுக்கேற்ப அமைத்தல்

முன்னுரை

கழுத்தைத் தொட்டுப் பார்த்தால் நூறு பெண்களில் சுமார் 5 பேருக்கும் நூறு ஆண்களில் ஒருவருக்கும் தைராய்டு கட்டி தட்டுப்படும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தாலோ, 19 முதல் 68 விழுக்காட்டினரிடம் கட்டி தென்படுவதாக ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. கட்டிகளில் புற்றாக இருப்பவை 7 முதல் 15 விழுக்காடு. அவற்றிலும் பெரும்பாலானவை மெல்ல வளரும் பாப்பிலரி வகையைச் சேர்ந்தவை. எனவே கட்டியைக் கண்டுபிடிப்பது இன்று கடினமான பணியன்று. கண்டுபிடித்த பின் யாருக்கு என்ன செய்வது என்பதே கடினம்.

இன்றைய வழிகாட்டு நெறிகள் கட்டியைத் தரம் பிரிப்பதில் வெகுதூரம் முன்னேறியுள்ளன. கட்டி உள்ள மனிதரைக் கணக்கில் எடுப்பதில் அந்த அளவுக்கு முன்னேறவில்லை. வயது, உடனிருக்கும் நோய்கள், தொடர் கண்காணிப்புக்கு வரும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் கட்டியின் அளவுக்கு நிகரான மருத்துவச் சான்றுகளாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கட்டியைத் தரம் பிரித்தல்

முதலில் பார்க்க வேண்டியது இரத்தத்தில் டி.எஸ்.எச். என்னும் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு. அது குறைந்திருந்து, கட்டியே மிகையாக ஹார்மோன் சுரப்பது ஐசோடோப் ஸ்கேனில் தெரிந்தால், அது புற்றாக இருப்பது அரிது. ஊசிப் பரிசோதனை பெரும்பாலும் வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் வழிகாட்டுகிறது. திண்மை, அடர்ந்த கருமை, அகலத்தைவிட உயரம் மிகுதல், ஒழுங்கற்ற விளிம்பு, நுண் சுண்ணாம்புத் துகள்கள் ஆகியவை ஐயத்தைக் கூட்டுகின்றன. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட டைராட்ஸ் முறை இக்கூறுகளுக்குப் புள்ளிகள் தந்து, ஊசியிடும் அளவை வரையறுக்கிறது. மிகுந்த ஐயத்துக்குரிய கட்டிக்கு 1 செ.மீ., நடுத்தர ஐயத்துக்கு 1.5 செ.மீ., குறைந்த ஐயத்துக்கு 2.5 செ.மீ. என்பது அதன் கணக்கு. ஊசியில் வந்த செல்களைப் பெதஸ்டா முறை ஆறு வகைகளாகப் பிரிக்கிறது.

இவை பயனுள்ள கருவிகள். ஆனால் 30 வயதுத் தாய்க்கும் இதய நோயுள்ள 75 வயது முதியவருக்கும் ஒரே கட்டி இருந்தால், இக்கருவிகள் இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் தரும்.

கட்டியை மட்டும் பார்ப்பதன் விலை

தென்கொரியாவில் 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அத்திட்டத்தில் இல்லை. ஆயினும் சிறு கட்டணத்தில் கழுத்து ஸ்கேனையும் மருத்துவமனைகள் சேர்த்து வழங்கின. 2011இல் அங்கு தைராய்டு புற்று கண்டறியப்படும் வீதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காகியிருந்தது; இறப்பு வீதமோ மாறவில்லை. உயிர்களைக் காப்பாற்றாத இந்தக் கண்டுபிடிப்புகள் பல்லாயிரம் பேரை அறுவை மேசைக்கு அனுப்பின. அறுவை செய்துகொண்ட 15,000க்கும் மேற்பட்டோரின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 11 விழுக்காட்டினருக்குப் பாராதைராய்டு சுரப்பு குன்றியதும் 2 விழுக்காட்டினருக்குக் குரல்நாண் செயலிழந்ததும் தெரியவந்தன. சுரப்பி முழுவதும் நீக்கப்பட்டவர் ஆயுள் முழுக்கத் தைராக்சின் மாத்திரை விழுங்க வேண்டும். நோயால் வராத துன்பத்தைச் சிகிச்சை தந்தது.

வயது என்னும் சான்று

ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனை வேறு வழியில் சென்றது. அகிரா மியாவுச்சியின் முன்மொழிவின்படி 1993 முதல், 1 செ.மீ.க்கு மேற்படாத, அபாயக்குறி இல்லாத பாப்பிலரி புற்றுள்ளோரில் விரும்பியவர்களை அறுக்காமல் கண்காணித்தது. 1,235 பேரைப் பற்றி 2014இல் வெளியான ஆய்வின்படி, கண்காணிப்புக் காலத்தில் நோய் குறிப்பிடத்தக்க அளவு முற்றியது 40 வயதுக்குட்பட்டோரில் 8.9 விழுக்காடு, 40 முதல் 59 வயதினரில் 3.5, 60ஐக் கடந்தோரில் 1.6 மட்டுமே. தைராய்டு புற்றால் எவரும் இறக்கவில்லை.

பெரிதாகிப் பரவிய பாப்பிலரி புற்றில் முதுமை ஆபத்தைக் கூட்டும். நிலை வகுக்கும் முறை 55 வயதை எல்லையாகக் கொள்வதும் அதனால்தான். 1 செ.மீ.க்கு மேற்படாத நுண்புற்றிலோ முதுமையே பாதுகாப்பின் அடையாளமாகிறது. ஆகவே வயதையும் தனித்து விதியாக்க முடியாது. கட்டியின் நிலையோடு சேர்த்தே அதற்குப் பொருள் கொள்ள வேண்டும். மரபணுப் பரிசோதனைகள் பெதஸ்டா மூன்றாம், நான்காம் வகைகளின் ஐயத்தைக் குறைக்க உதவுகின்றன. அவற்றுக்குச் செலவு மிகுதி. பிறந்த ஆண்டைக் கேட்டறியச் செலவே இல்லை.

மறுப்பும் விடையும்

ஆளுக்கேற்ப முடிவெடுத்தால் மருத்துவரின் மனப்போக்கே சட்டமாகிவிடாதா என்னும் கேள்வி நியாயமானது. அதற்காகவே மாறாத எல்லைகள் வேண்டும். நிணநீர்க் கணுவில் பரவல், மூச்சுக்குழலையோ குரல்நாண் நரம்பையோ ஒட்டிய புற்று, மெடுல்லரி வகை ஆகியவற்றில் காத்திருக்க இடமில்லை. அந்த எல்லைகளுக்கு இப்பால் நோயாளியின் வாழ்க்கை பேசட்டும்.

கண்காணிப்பு எல்லோருக்கும் கைகூடாது என்பது அடுத்த மறுப்பு. அதுவும் உண்மையே. ஆண்டுதோறும் ஸ்கேனுக்கு வர இயலாத இளம் நோயாளிக்குச் சுரப்பியின் ஒரு மடலை மட்டும் நீக்குவது தகுந்த தேர்வாகலாம். குரலால் பிழைக்கும் பாடகருக்குக் கண்காணிப்பே முதல் தேர்வாகலாம். புற்றல்லாத கட்டி விழுங்குவதற்குத் தடையாக இருந்தால், ரேடியோ அலை வெப்பத்தால் அதைச் சுருக்கலாம். நீர்க்கட்டி என்றால் எத்தனால் செலுத்தலாம். தொல்லை தராத கட்டியை விட்டுவைக்கலாம். இத்தாலியில் 992 பேரை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், புற்றற்றவை எனக் கருதப்பட்ட கட்டிகளில் 0.3 விழுக்காட்டில் மட்டுமே பின்னர் புற்று கண்டறியப்பட்டது.

முடிவுரை

ஸ்கேன் அறிக்கையில் கட்டியின் அளவும் தரமும் எழுதப்படுவதுபோல, சிகிச்சை முடிவைப் பதியும் தாளில் வயது, உடன்நோய், கண்காணிப்பு வாய்ப்பு, நோயாளி அஞ்சுவது எது, காக்க விரும்புவது எது ஆகியவையும் எழுதப்பட வேண்டும். எழுதினால்தான் அவற்றை எடைபோட முடியும். பின்னர் அந்த முடிவு சரியா என ஆராயவும் முடியும். அறுவையைத் தேர்ந்தாலும் காத்திருப்பைத் தேர்ந்தாலும், ஏன் இந்த மனிதருக்கு இது என்பதற்கான காரணம் தாளில் இருக்க வேண்டும். அந்தக் காரணம் இல்லாத சிகிச்சை, தொழில்நுட்பத்தில் எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும், முழுமையான மருத்துவமாகாது.