கேரும் இன்ட்டும்: கணக்கு நடப்பது எங்கே?

சி மொழியில் '1' + '2' என்று மேற்கோள் குறிக்குள் போட்டுக் கூட்டினால் 3 வராது, 12-உம் வராது, 99 வரும். ஆஸ்கி அட்டவணையில் '1' என்ற குறியின் எண் 49, '2' என்பதன் எண் 50. அந்த 99-ஐ எழுத்தாக அச்சிடச் சொன்னால் ஆங்கிலச் சிறிய எழுத்து ‘சி’ திரையில் வந்து நிற்கும்.

கேர் என்றால் எழுத்து, இன்ட் என்றால் எண் என்று பிரித்து மனப்பாடம் செய்தவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். இரண்டுமே எண்கள். கேர் ஒரு பைட், இன்ட் இன்றைய கணினிகளில் பெரும்பாலும் நான்கு பைட். ஆனால் அளவைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு: கேர் மதிப்பை வைத்திருக்கும், கணக்குப் போடாது. இரண்டு கேர்களைக் கூட்டச் சொன்னால் கம்பைலர் இரண்டையும் இன்ட்டாக உயர்த்திவிட்டுத்தான் கூட்டும்.

0 முதல் 255 வரை கொள்ளும் அன்சைன்ட் கேர் இரண்டில் 200, 100 இருக்கட்டும். கூட்டினால் 300 முழுதாகக் கிடைக்கும். அதைத் திரும்ப அன்சைன்ட் கேரில் போடும்போதுதான் 256 கழிந்து 44 ஆகிறது. கூட்டலில் எதுவும் தொலையவில்லை, திரும்பி வைப்பதில்தான் தொலைகிறது. இன்ட்டுக்கு இந்த வசதி இல்லை. 2147483647 என்ற உச்சியில் (நான்கு பைட் என்றால்) ஒன்றைக் கூட்டினால் அதை உயர்த்தி வைக்க மேலே இடமில்லை. என்ன நடக்கும் என்று சி தரநிலை எந்த உறுதியும் தருவதில்லை. சின்னது பாதுகாப்பாகவும் பெரியது ஆபத்தாகவும் இருக்கும் விசித்திரம் இது.

குறி விஷயத்தில் நிலைமை தலைகீழ். இன்ட் எங்கே போனாலும் கூட்டல், கழித்தல் குறி உள்ளது. வெறும் கேரோ ஊருக்கு ஒரு வேஷம் போடும்: இன்டெல் வகைக் கணினிகளில் வழக்கமாக -128 முதல் 127 வரை, ஆர்ம் லினக்ஸில் 0 முதல் 255 வரை. டென்னிஸ் ரிட்சி சி மொழியை வளர்த்த பிடிபி-11 எந்திரம், பைட்டை ரெஜிஸ்டருக்கு ஏற்றும்போது குறியையும் நீட்டிவிடும். வேறு எந்திரங்களுக்கு வேறு பழக்கம். தரநிலை எழுதியவர்கள் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இரண்டையும் அனுமதித்துவிட்டார்கள். சமரசம்தான், விலை நாம் கொடுக்கிறோம்.

நிலையான உள்ளீட்டிலிருந்து (ஸ்டாண்டர்ட் இன்புட்) ஒரு பைட் படிக்கும் கெட்கேர், பெயரில் கேர் இருந்தும், இன்ட்டைத்தான் திருப்பித் தரும். 256 பைட் மதிப்புகளோடு, ‘கோப்பு முடிந்தது’ என்பதற்கும் தனியாக ஓர் எண், பொதுவாக -1, வேண்டுமே! விடையைக் கேரில் வாங்கினால், கேர் குறியுள்ளதாக இருக்கும் கணினியில் 255 என்ற பைட் -1 ஆகி, படிப்பது பாதியில் நிற்கும். குறியற்றதில் -1 என்பது 255 ஆகி, படிக்கும் லூப் நிற்கவே நிற்காது.

ஆங்கில உரையை மட்டும் வைத்துச் சோதித்தால் குறியுள்ள கேரின் பிழை தெரியாது. ஆஸ்கி 127-க்குள் அடங்கிவிடும். யூடிஎஃப்-8-இல் ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்கள். குறியுள்ள கேரில் அவை -32, -82, -123. ஒவ்வொரு பைட்டும் எத்தனை முறை வந்தது என்று எண்ணும் நிரல், கேரையே அரே இன்டெக்ஸாக வைத்தால், அரே தொடங்கும் இடத்துக்கு முன்னால் இருக்கும் நினைவகத்தில் போய் எழுதும். இன்டெக்ஸ் போடும் முன் அன்சைன்ட் கேராக மாற்றிவிட்டால் போதும், பிழை போய்விடும்.