எந்தப் பட்டியலில் தாராவி? மருத்துவக் காப்பீட்டு அரசியலின் எண்பது ஆண்டுகள்

தேசிய மருத்துவக் காப்பீடு பற்றிய இந்திய விவாதத்தை 2018 செப்டம்பர் 23 அன்று ராஞ்சியில் தொடங்கிவைக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலிருந்து எழுதத் தொடங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பு, பெரும்பாலான மாநிலங்களோடு 60:40 என்ற விகிதத்தில் செலவுப் பகிர்வு, தில்லியும் ஒடிசாவும் தெலங்கானாவும் சேர மறுத்தமை, 2019 ஜனவரியில் மேற்கு வங்கம் வெளியேறியமை ஆகிய அனைத்தும் ஒன்றியத்திற்கும் மாநிலங்களுக்கும் இடையிலான பூசலாகவே படிக்கப்படுகின்றன. அவ்வாறு படிப்பதில் பிழையில்லை; ஆனால் அதன் பார்வை குறுகியது. தமிழர் செறிந்து வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மும்பைப் பகுதிகளில் நின்று நோக்கினால் இந்தப் பூசலின் வேர் 1940களில் இருப்பது தெரியும். யார் பணம் தருவது, யார் பெயரால் தருவது என்று தலைவர்கள் வாதிட்ட ஒவ்வொரு முறையும், யார் பட்டியலில் இடம்பெறுவர் என்னும் கேள்வி ஏதோவொரு துணைவிதிக்குள் ஓசையின்றி முடிவாகியிருப்பதும் தெரியும்.

1943ஆம் ஆண்டில் பிரித்தானிய இந்திய அரசு ஒன்றுக்கொன்று முரணான இரு முயற்சிகளை ஏறத்தாழ ஒரே வேளையில் தொடங்கியது. மார்ச் மாதத்தில், தொழிலாளர்க்கான நோய்க் காப்பீட்டுத் திட்டமொன்றை வகுக்கும் பணி பேராசிரியர் பி. பி. அடார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்டோபரில் சர் ஜோசப் போர் தலைமையில் சுகாதார ஆய்வு மற்றும் வளர்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. அடார்க்கரின் அறிக்கை 1944 ஆகஸ்டில் தொழிலாளர் துறையிடம் அளிக்கப்பட்டது. அத்துறையின் பொறுப்பு அப்போது அம்பேத்கரிடம் இருந்தது. போர் குழுவின் அறிக்கை 1946இல் வந்தது. பம்பாய்த் தொழிற்சங்க முன்னோடி என். எம். ஜோஷியும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அக்குழுவின் உறுப்பினர்கள்.

இரண்டு அறிக்கைகளும் ஒரே நாட்டைப் பற்றியவை என்பதை நம்புவது சற்றுக் கடினம். அடார்க்கரின் திட்டம் தொழிலாளியும் முதலாளியும் சந்தா செலுத்தும் நிதியத்தை அடிப்படையாகக் கொண்டது. போர் குழுவோ, மருத்துவச் சேவை வேறுபாடின்றி அனைவருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், வசதியுள்ளோரின் பங்கு வரியின் வழியே வந்து சேரட்டும் என்றது. சந்தா கட்ட இயலாதவர்களே பெரும்பான்மையாக உள்ள நாட்டில் காப்பீட்டை அடித்தளமாகக் கொள்ள முடியாது என்பது அதன் வாதம். இன்று ஆயுஷ்மான் பாரத்தை ஆதரிப்போரும், அந்தப் பணத்தை அரசு மருத்துவமனைகளுக்கே தரலாமே என்போரும் பேசும் பேச்சு அனைத்தும் இவ்விரு அறிக்கைகளிலேயே அடங்கிக் கிடக்கிறது. புதிதாகச் சேர்ந்தவை சில கலைச்சொற்கள்.

வென்றது காப்பீடு. போர் குழுவின் திட்டத்திற்குப் பெருந்தொகை வேண்டியிருந்தது. அடார்க்கரின் திட்டத்திற்குச் சந்தாதாரர்களின் பணமே போதுமானதாகத் தோன்றியது. 1946 நவம்பரில் கொண்டுவரப்பட்ட மசோதா, ஜகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்த காலத்தில், 1948 ஏப்ரலில் இ.எஸ்.ஐ. என்று அனைவரும் அறிந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமாயிற்று. அடுத்த மூன்று மாதத்திற்குள், அதாவது 1948 ஜூலை 5 அன்று, பிரித்தானியா தன் பழைய நோய்க் காப்பீட்டு முறையைக் கைவிட்டு, வரியால் இயங்கும் தேசிய சுகாதாரச் சேவைக்கு மாறியது. ஆண்ட நாடு எதை விட்டொழித்ததோ அதை, விடுதலை பெற்ற நாடு அதே ஆண்டில் எடுத்துக்கொண்டது.

தாராவியின் விதி இச்சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது எனலாம். அடார்க்கர் முதலில் கருத்தில் கொண்டவை நெசவு, பொறியியல், கனிம உலோகத் தொழில்கள் ஆகிய மூன்று மட்டுமே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர்களான மாரிஸ் ஸ்டாக், ரகுநாத ராவ் ஆகிய இருவரும் அதை ஆண்டு முழுவதும் இயங்கும் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் விரிவாக்கப் பரிந்துரைத்தனர். எனினும் சட்டம் இயந்திர விசையால் இயங்கி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களையே தொழிற்சாலை என்று கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் வணிகர்கள் தாராவியில் தோல் பதனிடும் கூடங்களை நடத்திவந்தனர். சுண்ணாம்புத் தொட்டிகளில் நின்று உழைத்தோரில் பெரும்பகுதியினர் தமிழகத்து ஆதிதிராவிடர். கையால் நடந்த வேலை, சிறு கூடங்கள், ஒப்பந்தக்காரர் வழியாக வந்த ஆட்கள்: சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் அவர்களைத் தாண்டிச் சென்றது. சுண்ணாம்பும் உப்பும் தோலை அரிக்கும் தொழிலில் இருந்தவருக்கு நோய்க் காப்பீடு இல்லை. பரேலின் பஞ்சாலையில் இருந்தவருக்கு உண்டு.

நடைமுறைக்கு வருவதற்குள் முதலாளிகளின் எதிர்ப்பு வேறு. திட்டத்தைச் சில நகரங்களில் மட்டும் தொடங்கினால் அந்நகரத்து ஆலைகள் மட்டும் கூடுதல் செலவைச் சுமக்கும், போட்டியில் பின்தங்கும் என்று கான்பூர் முதலாளிகள் முறையிட்டனர். 1951இல் சட்டம் திருத்தப்பட்டு, திட்டம் வராத ஊர்களின் முதலாளிகளிடமும் சிறப்புச் சந்தா வசூலிக்க வழி செய்யப்பட்டது. அதன்பின் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் நேரு அதனைத் தொடங்கிவைத்தார். சுமையை நாடு முழுவதும் பரப்ப ஓராண்டு போதுமானதாக இருந்தது. பயனைப் பரப்புவதற்கான திருத்தமோ 1989இல்தான் வந்தது. விசை பயன்படுத்தும் கூடங்களுக்கு வரம்பு அப்போதுதான் 10 ஆகக் குறைந்தது. நாற்பது ஆண்டுகளில் தாராவியின் தோல் தொழிலில் ஒரு தலைமுறை முழுவதும் கழிந்துவிட்டது. அறுப்பகம் பாந்திராவிலிருந்து செம்பூரை அடுத்த தேவனாருக்குப் போனது. பதனிடும் கூடங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

பம்பாய்க்கு இ.எஸ்.ஐ. 1954இல் வந்தது. தனியார் மருத்துவர்கள் ஏராளமாக இருந்த நகரம் என்பதால் இங்கே அரசு மருந்தகங்களுக்குப் பதிலாகப் ‘பேனல்’ முறை பின்பற்றப்பட்டது: தொழிலாளி தன் பகுதியிலுள்ள மருத்துவர் ஒருவரைத் தேர்ந்து பதிவுசெய்வார், மருத்துவருக்குப் பதிவான தலைகளின் எண்ணிக்கைப்படி ஆண்டுத்தொகை கிடைக்கும். 1911ஆம் ஆண்டின் லாயிட் ஜார்ஜ் சட்டத்திலிருந்து வந்த முறை இது. இந்த ஏற்பாட்டில் மருத்துவர் சம்பள ஊழியர் ஆகவில்லை, அரசும் மருந்தகம் கட்ட வேண்டியதில்லை. தொடக்கத்தில் காப்பு தொழிலாளிக்கு மட்டுமே. மனைவி மக்களுக்கு 1958 முதல்தான் அது படிப்படியாக விரிந்தது. பெயர்ப்பதிவு வேலையோடு கட்டுண்டது என்பதன் முழுப்பொருள் 1982 ஜனவரி 18 அன்று தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்திற்குப் பின் விளங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் ஈடுபட்ட அப்போராட்டத்தின் தோல்வியோடு பலர் வேலையை இழந்தனர். வேலையோடு காப்பீட்டு அட்டையும் செல்லாததாயிற்று. ஆலைக்குள் நடந்த வேலையின் ஒரு பகுதி சிறு தையல் கூடங்களுக்கு, அதாவது பதிவேடே இல்லாத இடங்களுக்கு நகர்ந்தது.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழ்ந்த தமிழரின் நிலை வேறு. மாட்டுங்கா ரயில்வே பணிமனையின் ஊழியருக்கு ரயில்வே மருத்துவமனை இருந்தது. மத்திய அரசு அலுவலகங்களில் எழுத்தராகப் பணிபுரிந்தோருக்கு சி.ஜி.எச்.எஸ். 1963இல் பம்பாய்க்கு வந்தது. செம்பூரைச் சுற்றி எழுந்த டிராம்பே அணு ஆராய்ச்சி மையமும் உரத் தொழிற்சாலையும் சுத்திகரிப்பு ஆலைகளும் தம் ஊழியர்க்குத் தனித்தனி மருத்துவ ஏற்பாடுகளைச் செய்துகொண்டன. இவற்றில் அடங்காத நடுத்தர வர்க்கத்தார்க்காக 1986இல் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளெயிமைக் கொணர்ந்தன. ஒரே மொழி பேசி, சில கிலோமீட்டர் இடைவெளியில் வாழ்ந்த மக்கள் நோயுற்றால் வெவ்வேறு வாசல்களுக்குச் சென்றனர். பம்பாய்த் தமிழர் வரலாற்றைச் சாதி, தொழில், குடியிருப்பு ஆகியவற்றின் வழியே எழுதியவர்கள் உண்டு. மருத்துவச்சீட்டின் வழியே எழுதினாலும் அதே வரைபடம்தான் கிடைக்கும்.

தாராவிக்கு இருந்தது சயான் மருத்துவமனை. லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை என்பது அதன் முழுப்பெயர். 1947இல் இராணுவக் கொட்டகைகளில் 50 படுக்கைகளோடு தொடங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்டதாக வளர்ந்தது. தாராவிக்குள்ளேயே அதன் நகர்ப்புறச் சுகாதார மையம் இயங்குகிறது. மக்கள் அதனைச் ‘சோட்டா சயான்’ என்பர். உள்ளே செல்ல முதலாளியின் பதிவேடோ வருமானச் சான்றோ கேட்கப்படுவதில்லை. போர் குழு கனவு கண்ட கொள்கையை, அதன் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாவிடினும், இந்நகரத்தில் நடத்திக்காட்டியது மாநகராட்சிதான். தேசியக் கொள்கை விவாதங்களில் இச்செய்தி இடம்பெறுவது அரிது.

2007இல் ஆந்திரத்தின் ஆரோக்யஸ்ரீ, 2008இல் ஒன்றியத்தின் ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா யோஜனா, 2009இல் தமிழ்நாட்டின் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என அரசே சந்தா கட்டும் புதுவகைக் காப்பீடு பரவியது. மகாராஷ்டிரத்தில் 2012 ஜூலை 2 அன்று மும்பை உள்ளிட்ட எட்டு மாவட்டங்களில் ராஜீவ் காந்தி ஜீவன்தாயி ஆரோக்கியத் திட்டம் தொடங்கி, 2013 நவம்பரில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய். ஆட்சி மாறியபின் 2017இல் அது மகாத்மா ஜோதிராவ் புலே பெயருக்கு மாறியது. சென்னையிலும் 2012இல் கலைஞர் பெயர் நீங்கி முதலமைச்சர் பெயரில் திட்டம் தொடர்ந்தது. பெயர் மாற்றங்களே பேரவைகளிலும் நாளேடுகளிலும் பெரிதும் பேசப்பட்டன. பெயர்ப்பலகை யாருடையதாயினும் உள்ளே செல்ல வேண்டிய சீட்டு ஒன்றே: குடும்ப அட்டை. மும்பையில் மஞ்சள் அட்டையும் செம்மஞ்சள் அட்டையும் செல்லும். தாராவியில் வாடகைக்கு இருந்தபடி ஊரில் அட்டை வைத்திருக்கும் தமிழ்த் தொழிலாளிக்கு மும்பையின் திட்டத்தில் இடமில்லை. ஊரின் திட்டத்தில் இடமிருந்தால் அதற்கு அவர் ரயிலேற வேண்டும்.

ஆயுஷ்மான் பாரத் வேறொரு பட்டியலைக் கொண்டுவந்தது. 2011ஆம் ஆண்டின் சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பில் நகர்ப்புறத்துக்கெனப் பதினொரு தொழில் பிரிவுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன: குப்பை பொறுக்குவோர், வீட்டுவேலை செய்வோர், தெருவணிகர், கட்டடத் தொழிலாளர், துப்புரவுத் தொழிலாளர், வீட்டிலிருந்து தைப்போர் முதலியன. எட்டுப்பக்கமும் தாராவியை நினைவூட்டும் பட்டியல்தான். ஆயினும் ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பின்போது எந்த வீட்டுக்கதவு தட்டப்பட்டது, எந்தத் தொழில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே 2018இல் பெயர் இருந்தது அல்லது இல்லாமற் போனது. மகாராஷ்டிரத்தில் இப்பட்டியலில் வந்தவை ஏறத்தாழ 84 லட்சம் குடும்பங்கள். மாநிலத் திட்டத்தில் இருந்தவையோ இரண்டு கோடிக்கும் மேல். பின்னதன் அகலத்தையும் முன்னதன் தொகையையும் இணைக்க 2020 ஏப்ரலில் இரண்டும் ஒரே ஏற்பாட்டின் கீழ் கொண்டுவரப்பட்டன. காப்பீட்டுப் பொறுப்பு யுனைடெட் இந்தியாவிடம் சென்றது. அதன் தலைமையகம் சென்னை.

அந்த ஏப்ரல் முதல் நாள்தான் தாராவியில் கொரோனாத் தொற்றின் முதல் நிகழ்வு பதிவாயிற்று. மே 23 அன்று மாநில அரசு புலே திட்டத்தை எல்லாக் குடிமக்களுக்கும் தற்காலிகமாகத் திறந்துவிட்டது; பட்டியல் இல்லாத காப்பீடு மகாராஷ்டிரத்தில் முதன்முறையாக நிகழ்ந்தது இந்த நெருக்கடியில்தான். ஆனால் தாராவியைக் காத்ததில் காப்பீட்டின் பங்கு சிறிது. வீடுவீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தது, பள்ளிகளையும் விளையாட்டு வளாகத்தையும் தனிமைப்படுத்தும் இடங்களாக்கியது, தனியார் மருத்துவமனையொன்றைக் கையகப்படுத்தியது, இயற்கைப் பூங்காவில் 200 படுக்கைகள் இட்டது எல்லாம் மாநகராட்சி. உள்நோயாளியானபின் கட்டணத்தைத் திருப்பித்தரும் ஏற்பாட்டுக்கு இவ்வேலைகள் கண்ணில்படா. காசநோய்க்கும் வயிற்றுப்போக்குக்கும் நீரிழிவுக்கும் தாராவியில் அன்றாடம் நடக்கும் மருத்துவமும் பெரும்பாலும் புறநோயாளிப் பிரிவைச் சேர்ந்ததே. ஆயுஷ்மான் அட்டை அங்கே செல்லாது.

2023 ஜூலையில் மகாராஷ்டிரம் காப்பை 5 லட்சமாக உயர்த்தி, வெள்ளை அட்டைக்காரர் உள்ளிட்ட எல்லாக் குடும்பங்களுக்கும் விரிவாக்க ஆணையிட்டது. 2024இல் ஒன்றிய அரசு 70 வயதைத் தாண்டிய அனைவரையும் வருமான வரம்பின்றிச் சேர்த்தது. மறுத்துவந்த மாநிலங்களில் தெலங்கானா 2021இலும், ஆட்சிமாற்றங்களுக்குப் பின் ஒடிசாவும் தில்லியும் 2025இலும் இணைந்தன. எண்பது ஆண்டுகளாகக் குறுகியிருந்த பட்டியல்கள் விரிகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. இத்தனைக்கும் நடுவே தாராவியில் புதிதாக ஒரு பட்டியல் தயாராகிறது. 2024 மார்ச்சில் தொடங்கிய மறுமேம்பாட்டுக் கணக்கெடுப்பில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிறுவுவோருக்கு மட்டுமே தாராவிக்குள் இலவச வீடு. மற்றோருக்கு நகரின் வேறு பகுதிகளில். அவற்றுள் தேவனார்க் குப்பைமேட்டு நிலமும் ஒன்று. அங்கிருந்து சயான் மருத்துவமனைக்கு நடந்துபோக முடியாது.