வளர்ந்த நாயை வீட்டுக்குப் பழக்குதல்

ஒரு வயதைக் கடந்த நாய், வீட்டுக்குள் அசுத்தம் செய்யாமல் வெளியே குறித்த இடத்தில் மட்டும் மலசலம் கழிக்கும்படி செய்யும் பயிற்சி. குட்டியைப் பழக்குவதிலிருந்து இது வேறுபட்டது. குட்டியால் அடக்க முடியாது. வளர்ந்த நாயால் முடியும். ஆனால் பழைய பழக்கமோ பயமோ நோயோ குறுக்கே நிற்கும். காரணம் எதுவென்று கண்டுபிடிப்பதே இதில் பெரிய வேலை.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் மரபாக இந்தப் பயிற்சிக்குத் தேவை எழவில்லை. நாய் திண்ணையடியிலும் மாட்டுக்கொட்டகை ஓரத்திலும் களத்துமேட்டிலும் கிடந்தது. நிலைப்படி தாண்ட அதற்கு அனுமதி இல்லை. காவலே அதன் தொழில். தொண்டை மண்டலத்தில் அத்தொழிலுக்கு வயது அதிகம்: திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல், கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்ற நாயைப் பெயர் சொல்லி, உருவமும் செதுக்கிக் காட்டுகிறது. சுற்றுச்சுவரும் இரும்புக் கேட்டும் டைல்ஸ் தரையும் உள்ள வீட்டில், ஊர் சுற்றிய நாயை உள்ளே வைத்துப் பூட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நகரத்து உறவினர் வளர்க்க முடியாமல் கொண்டுவந்து விடும் நாய்க்கும் இதே நிலைதான்.

எந்தத் தரையில் கழிப்பது என்ற விருப்பத்தை நாய் ஏறத்தாழ இரண்டு மாத வயதிலேயே பெற்றுவிடுகிறது. மண்ணில் வளர்ந்த நாட்டு நாய் மண்ணையே தேடும். வேளை தவறாமல் கதவைத் திறந்துவிட்டாலே அதற்குப் பாதிப் பயிற்சி முடிந்தது. கூண்டில் பிறந்து, படுத்த சிமெண்ட் தரையிலேயே கழிக்க நேர்ந்த நாய்க்குப் படுக்கையைச் சுத்தமாக வைத்திருக்கும் இயல்பே மழுங்கிப்போகிறது. விலை கொடுத்து வாங்கிய சாதி நாய், தெருவிலிருந்து எடுத்துவந்த நாயைவிட மெதுவாகப் பழகுவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

காரணங்கள்

ஒழுங்காக இருந்த நாய் திடீரென வீட்டுக்குள் கழித்தால், வேறு எதற்கும் முன்னால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீர்ப்பாதைத் தொற்று, கல், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, குடற்புழு ஆகிய எதுவும் காரணமாகலாம். கருத்தடை செய்த பெண் நாய்கள் சிலவற்றுக்குத் தூக்கத்தில் சிறுநீர் கசியும். படுத்த இடம் மட்டும் நனைந்திருப்பதே அதன் அடையாளம். பெரும்பாலும் மருந்தில் சரியாகும்.

ஆண் நாய் காலைத் தூக்கி வாசற்காலிலும் வண்டிச் சக்கரத்திலும் நெல் மூட்டையிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பது எல்லை குறித்தல். கருத்தடை இதைக் குறைக்கும். ஆண்டுக்கணக்கில் ஊறிய பழக்கமானால் முழுவதும் போகாது.

ஆள் குனிந்து அதட்டும்போது வாலை இடுக்கி நின்ற இடத்திலேயே சிறுநீர் விடுவது அச்சத்தால் வருவது. திட்டத் திட்ட இது கூடும். அந்த நாயின் எதிரே குனியாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, அதுவாக அருகில் வரும்வரை சும்மா இருந்தால் குறையும். தனியாக விட்டுச் சென்றால் மட்டும் கதவைப் பிறாண்டி, ஊளையிட்டு, கழித்தும் வைக்கும் நாய்க்குப் பிரிவுப் பதற்றம் இருக்கலாம். கடுமையானால் ஃபுளுவாக்ஸெட்டின் போன்ற மருந்தை மருத்துவர் தருவதுண்டு.

வடமாவட்டங்களில் பயிற்சி தொடங்க ஐப்பசியும் கார்த்திகையும் மோசமான மாதங்கள். தீபாவளி வெடிச்சத்தமும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வரும். கொல்லையில் தண்ணீர் தேங்கினால் நாய் படியிறங்க மறுக்கும். முன்கூட்டியே கொல்லையில் ஒரு மணல்மேடு போட்டு, மேலே கீற்று வேய்ந்து வைத்தால் மழைக்காலம் தாண்டிவிடும்.

முறை

முதல் இரண்டு வாரங்கள் நாய் தவறு செய்ய வாய்ப்பே தரக்கூடாது. வீட்டுக்குள் இருக்கும்போது கண்பார்வையில் இருக்க வேண்டும். காலை எழுந்ததும், ஒவ்வொரு வேளை தின்ற பின் கால் மணி முதல் அரை மணி நேரத்துக்குள்ளும், பகல் தூக்கம் கலைந்ததும், இரவு படுக்கும் முன்பும் ஒரே இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். சோறு வைக்கும் நேரம் ஒழுங்கானால் கழிக்கும் நேரமும் ஒழுங்காகும். முடித்த ஓரிரு நொடிக்குள் அங்கேயே வேகவைத்த ஈரல் துண்டு கொடுக்க வேண்டும். உள்ளே வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்கான கூலி என்றே நாய் எடுத்துக்கொள்ளும். முடித்த உடனே வீட்டுக்கு இழுத்து வருவதும் தவறு. கொஞ்சம் உலாவவிடாவிட்டால், வெளியில் இருக்கும் நேரத்தை நீட்டிக்க அது அடக்கிக்கொள்ளப் பழகிவிடும். உறுமும், கடிக்க வரும் நாயைக் கழுத்துப்பட்டையில் பிடித்து இழுக்காமல் நீளக் கயிற்றில் நடத்த வேண்டும். வெறிநாய்த் தடுப்பூசி முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

வாடை தங்கினால் நாய் அங்கேயே திரும்பி வரும். அம்மோனியா கலந்த திரவங்கள் சிறுநீர் வாடையையே ஒத்திருப்பதால் உதவா. டைல்ஸ் தரைக்கு சோப்பும் பின் வினிகர் கலந்த நீரும் போதும். சாணம் மெழுகிய மண்தரையில் ஊறிய பகுதியைச் சுரண்டி, புதுமண் பூசி மெழுகுவதே வழி.

கழித்ததில் மூக்கைத் தேய்ப்பதும் துடைப்பத்தால் அடிப்பதும் கிராமம் நகரம் இரண்டிலும் நடக்கின்றன. ஆள் எதிரில் கழிக்கக்கூடாது என்பதை மட்டுமே நாய் இதில் கற்கிறது. அடுத்த முறை கட்டிலடியில் கழிக்கும். ‘தப்பு செய்த முகம்’ அதற்குத் தெரிகிறதே என்பார்கள். 2009இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் வெளியிட்ட ஆய்வில், தவறே செய்யாத நாயும் வளர்ப்பவர் திட்டியபோது அதே முகத்தைக் காட்டியது.

நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டப்பட்ட நாய்க்கு எந்தப் பயிற்சியும் பலிக்காது. நின்ற இடத்தில் கழிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும், கட்டியே வளர்க்கும் நாயை நடமாட விடாதிருப்பதும் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவின்படி குற்றங்கள்.