ஊசி சொல்லும் 'இல்லை'

சதையியில் கட்டி எண்டு ஸ்கான் சொன்னா, எல்லாருக்கும் முதல்ல வாறது புற்றுநோய்ப் பயம்தான். அது நியாயமான பயம். ஆனா புற்றுநோய் எண்டு நினைச்சு வெட்டியெடுத்த கட்டிகளைப் பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், 100 பேரில் 5 முதல் 10 பேர் வரைக்கும் அங்க புற்றுநோயே இருக்கவில்லை எண்டு பல நாட்டு மருத்துவமனைகளின் பதிவுகள் சொல்லுது.

அந்த வெட்டு சின்ன வெட்டும் இல்லை. 1935இல் நியூயோர்க்கில் அலன் விப்பிள் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதைப் பற்றி எழுதினார். அவற்ற பேர்தான் இண்டைக்கும் அதுக்கு நிலைச்சிருக்கு. சதையியின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்கானின் ஒரு துண்டு எல்லாத்தையும் எடுத்து, மிச்சத்தைத் திரும்பப் பொருத்தவேணும். 1960கள், 70களில் பல இடங்களில் ஐந்தில் ஒருவர் வரை இந்தச் சத்திரசிகிச்சையோடயே இறந்தார்கள்.

அப்ப ஏன் முதலே ஊசி போட்டுப் பார்க்கேல்லை? நியூயோர்க்கில் ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் 1930இலேயே கட்டிகளை ஊசியால உறிஞ்சிப் பார்க்கும் முறையை எழுதியிருந்தினம். ஆனா சதையி இரைப்பைக்குப் பின்னால, முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிற உறுப்பு. கையால தடவிப் பிடிக்க ஏலாது. ஊசி போன பாதையில புற்றுக்கலங்கள் சிந்திடும் எண்ட பயமும் இருந்தது.

வழி டென்மார்க்கில் திறந்தது. 1975இல் அங்க ஹான்க்கே என்பவரும் கூட்டாளிகளும் அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடியே வயிற்றுத் தோலுக்கூடாகச் சதையிக்கு மெல்லிய ஊசியைச் செலுத்தினார்கள். 1992இல் அதே நாட்டின் பீட்டர் வில்மன் குழு, அல்ட்ராசவுண்ட் பூட்டிய எண்டோஸ்கோப்பிக் குழாயை வாய்வழியாக இறக்கி, இரைப்பைச் சுவருக்கூடாக ஊசி போட்ட அனுபவத்தை வெளியிட்டது. தோலில் இருந்து துளைச்சு வாற நீளப் பாதை இதில் இல்லை.

சிக்கல் இதுக்குப் பிறகுதான் இருக்கு. மெல்லிய ஊசி உதிரிக் கலங்களைத்தான் கொண்டுவரும். புற்றுக்கலம் கிடைச்சா 'ஓம்' எண்டு சொல்லலாம். கிடைக்காட்டி? கட்டியில படாமலும் ஊசி போயிருக்கலாம். ஆகவே ஊசியின் 'இல்லை'யை நம்பாமல் வெட்டின சத்திரசிகிச்சை நிபுணர்களை நான் குறைசொல்ல மாட்டன். வெறும் 'புற்றுநோய் இல்லை' போதாது. 'இது இன்ன நோய்' எண்டும் சொல்லத் தெரியவேணும்.

அந்த 'இன்ன நோய்' வெளிச்சத்துக்கு வர நாள் எடுத்தது. 1961இல் பிரான்ஸில் ஆன்றி சார்ல்ஸ், குருதியில் எதிர்ப்புப் புரதங்கள் கூடியிருந்த ஒரு விசித்திரமான சதையி அழற்சியை விவரித்தார். 1995இல் ஜப்பானில் யோஷிடா குழு, உடலின்ர நோயெதிர்ப்பே சதையியைத் தாக்குது எண்டு அதுக்குப் பேர் வைத்தது. 2001இல் ஹமனோ குழு, இந்த நோயாளிகளின் குருதியில் ஐஜிஜி4 என்ற புரதம் உயர்ந்திருப்பதைக் காட்டியது. சதையி வீங்கும், பித்தக்கான் நெரிபட்டுச் செங்கண்மாரி வரும், ஆள் மெலியும். அசல் புற்றுநோய் மாதிரியேதான். ஆனா மருந்து ஸ்டீரொயிட் குளிசை. இரண்டு கிழமைக்குள்ளேயே வீக்கம் வத்துறதை ஸ்கானில் காணலாம்.

குருதிச் சோதனை மட்டும் காணாது, சில புற்றுநோயாளிகளுக்கும் ஐஜிஜி4 உயரும். சுழிசுழியாகப் படர்ந்த நார், அடைபட்ட சின்ன நாளங்கள், ஐஜிஜி4 சுரக்கும் கலங்களின் கூட்டம், இதெல்லாம் இழையத்தின்ர ஒழுங்கு குலையாமல் இருந்தால்தான் தெரியும். உதிரிக் கலங்களில் தெரியாது. அதனால ஊசியின் நுனியையே மாத்தினார்கள். 2000களில் தொடங்கி, உறிஞ்சுறதுக்குப் பதிலா ஒரு மெல்லிய இழையத் துண்டையே வெட்டியெடுக்கும் நுனிகள் ஒண்டுக்குப் பின் ஒண்டாக வந்தன.

இப்பவும் துண்டு சிறிசாக இருந்தால் நோய்க்குறியியல் நிபுணர் தயங்குவார். அப்ப திரும்பவும் ஊசி போடவேண்டி வரும். ஸ்டீரொயிட் குடுத்துப் பார்க்கிறதும் உண்டு, ஆனா இரண்டு கிழமையில் கட்டி சுருங்காட்டி மேலும் காத்திருக்கக்கூடாது. உள்ளே இருக்கிறது புற்றுநோயாக இருந்தால், காத்திருக்கிற ஒவ்வொரு கிழமையும் அதுக்குக் குடுக்கிற அவகாசம்.