தேவாலா: மூன்றாண்டுப் பொன் வேட்டை

தமிழ்நாட்டு மலையூர்கள் பலவும் குளிருக்காகப் பிறந்தவை. பழநி மலையில் 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கொடைக்கானலில் வீடு கட்டியது சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பத்தான். நீலகிரியின் மேற்கு விளிம்பில் உள்ள தேவாலாவும் பந்தலூரும் வேறு வகை. கொட்டும் மழையும் மலைக்காய்ச்சலும் மலிந்த அந்தக் காட்டுக்கு வெள்ளைக்காரர்களை முதலில் காப்பியும் பிறகு தங்கமும் இழுத்தன.

அங்கே பொன் இருப்பது மண்ணின் மக்களுக்குப் புதிய செய்தி அல்ல. குறும்பரும், நிலக்கிழார்களிடம் அடிமைப்பட்டுக் கிடந்த பணியரும் ஓடை மணலை மரத்தட்டில் அரித்துப் பொன் எடுத்துவந்தார்கள். மலபார் கலெக்டர் ஷெப்பீல்டு 1831இலேயே இதைப் பற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார். அப்போது மலபாரோடு இருந்த, தேவாலாவும் பந்தலூரும் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877இல்தான் நீலகிரி மாவட்டத்தில் சேர்ந்தது.

1870களில் தேவாலா அருகே ஆல்ஃபா என்ற கம்பெனி வெங்கச்சங்கல் பாறையை உடைத்துப் பார்த்தது. பெரிதாக ஒன்றும் தேறவில்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதைக்கு உயிர் கொடுத்தவர் ராபர்ட் பிரவ் ஸ்மித். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையை நடத்திய அவரை இந்திய அரசு வரவழைத்தது. 1880இல் வெளியான அவரது அறிக்கை நம்பிக்கை ததும்ப எழுதப்பட்டிருந்தது. லண்டன் பங்குச் சந்தைக்கு அது போதுமானதாக இருந்தது. இந்தியன் கிளென்ராக் உட்படச் சுமார் 40 கம்பெனிகள் முளைத்தன. அவற்றின் மூலதனம் காகிதத்தில் சுமார் 50 லட்சம் பவுண்டு.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி பாறைக்குப் போகவே இல்லை. நோயும் பூச்சியும் தாக்கிக் காப்பித் தோட்டங்கள் நொடித்திருந்த நேரம் அது. துரைமார் தங்கள் தோட்டங்களைத் தங்க நிலம் என்று சொல்லி, கம்பெனிகளின் தலையில் கொள்ளை விலைக்குக் கட்டினார்கள். உண்மையில் பொன் விளைந்தது அந்த விற்பனையில்தான். மீதிப் பணம் இயந்திரமாகவும் பங்களாவாகவும் மலையேறியது. குதிரையும் மாடும் நடக்கவே திணறிய பாதைகளில் கனத்த இரும்புச் சாமான்கள் வந்து சேர்ந்தன.

ஆலையில் கல்லை மாவாக இடித்து, பொன்னைப் பாதரசத்தில் பிடித்துப் பிரிப்பதே முறை. இடித்துப் பார்த்தபோது ஒரு டன் கல்லில் கிடைத்த பொன் கூலிக்கே கட்டவில்லை. 1883க்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. அதே அலையில் தொடங்கிய கோலார் தங்கவயலும் மூடும் நிலைக்குப் போய், 1883 வாக்கில் வளமான படிவம் தட்டுப்பட்டதால் பிழைத்தது. வட ஆற்காட்டுத் தமிழர் உழைப்பில் 2001 வரை நடந்தது. தேவாலாவுக்கு அந்த யோகம் இல்லை. இந்திய நிலவியல் துறைக்காக ஹேடனும் ஹாட்சும் ஆராய்ந்து 1901இல் எழுதிய அறிக்கையும் தேவாலாப் படிவங்கள் வறியவை என்றே சொன்னது.

தங்கம் போன இடத்தைத் தேயிலை பிடித்தது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர் பலர், 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் வேலை பெற்றுப் பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் குடியேறினர்.

பழைய குழிகள் இன்னும் முழுதாக மூடப்படவில்லை. கூலி வேலை கிடைக்காத காலத்தில் திருட்டுத்தனமாக உள்ளே இறங்கிப் பொன் தேடுவோர் உண்டு. மண் சரிந்து அவர்களில் சிலர் செத்தும் இருக்கிறார்கள்.