சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: பந்தயக் கார்களின் சஸ்பென்ஷன்

1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், 12 வளைவுகள் கொண்ட, சுமார் 3.7 கி.மீ. நீளமுள்ள நிரந்தரப் பந்தயத்தளம் திறக்கப்பட்டது.

நேர்ப்பாதையில் இஞ்சினின் வலிமை முந்தும். வளைவுகளில் டயரின் பிடிப்பே வெல்லும். அப்பிடிப்பைக் காப்பது ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அடங்கிய சஸ்பென்ஷன். வளைவில் முன்சக்கரங்கள் வெளிப்புறம் வழுக்கினால் முன் ஸ்பிரிங்கை மென்மையாக்குவர். பின்பகுதி வழுக்கினால் பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குவர். ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்து, சுற்று நேரத்தை ஒப்பிடுவர்.

தளத்துக்காக மிகவும் இறுக்கிய காரின் டயர், மேடுபள்ளமான ஊர்ச்சாலையில் தரையை விட்டு எழும்பும். பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. எனவே வீடு திரும்புமுன் பழைய அளவுக்கு மாற்றுவதே பாதுகாப்பு.