நோயாளியின் அருகிருப்போர்: குடும்பப் பராமரிப்பாளரின் மனச்சோர்வு குறித்த வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: பராமரிப்பாளர், மனச்சோர்வு, ஆதுலசாலை, மீன்சுருட்டி, ஏர்வாடி, மனநலச் சட்டங்கள்

முன்னுரை

அரியலூர் மாவட்டத்திலுள்ள மீன்சுருட்டி, சோழர் தலைநகராக விளங்கிய கங்கைகொண்ட சோழபுரத்திற்கு அண்மையில் அமைந்த ஊர். அத்தலைநகரிலிருந்து ஆண்ட வேந்தருள் ஒருவனாகிய வீரராசேந்திரன் காலத்துக் (1063–1070) கல்வெட்டொன்று, நோயாளியை அருகிருந்து பேணியவர்களையும் அவர்கள் பெற்ற ஊதியத்தையும் பதிவுசெய்துள்ளது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், அதே மண்ணில் படுக்கையிலிருக்கும் மாமியாரையோ மனநோயுற்ற மகனையோ பேணும் பெண்ணின் பெயர் எப்பதிவேட்டிலும் இல்லை. அவளுக்கு நேரும் மனச்சோர்வு நோயாகக் கருதப்படுவதும் அரிது. இவ்விடைவெளி எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கல்வெட்டில் பணியாளர், வீட்டில் எவருமிலர்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்திலுள்ள திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் அக்கல்வெட்டு உள்ளது. கோயிலைச் சார்ந்த கல்லூரியின் மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்குமென 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலை அங்கு இயங்கியது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகையும் விறகும் கொணர்வோர், மருந்து அட்டு வழங்கும் பெண்டிர் இருவர், நாவிதர், தண்ணீர் கொணர்பவர் எனப் பணியாளர் வரிசைப்படுத்தப்பட்டுள்ளனர். ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு.

இதனைச் சோழர் கால மருத்துவச் சிறப்புக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பராமரிப்பு வரலாற்றின் நோக்கில் முதன்மையானது வேறொன்று. பேணுதல் இங்கே உழைப்பாக அளவிடப்பட்டு நெல்லும் காசும் பெற்றது. எனினும் இந்த ஏற்பாடு நிறுவனத்திற்குள் இருந்தவர்க்கு மட்டுமே உரியது. உழுகுடி வீட்டில் நோயுற்றவரைப் பேணியவர் யார் என்பதைக் கல்வெட்டு கூறாது. கூற வேண்டிய தேவையும் அதற்கு இருக்கவில்லை. கொடையும் கணக்குமே கல்லில் ஏறின. வீட்டுப் பணிவிடை கொடையாகவும் எண்ணப்படவில்லை, கணக்கிலும் சேரவில்லை.

சொல் வழக்கும் கருதத்தக்கது. சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்த தாயைக் குறித்த ‘செவிலி’ என்னும் சொல் இன்று மருத்துவமனை ஊழியரைக் குறிக்கிறது. வீட்டிலிருந்து பேணுபவர்க்கு அத்தகைய நிலைத்த பெயர் வாய்க்கவில்லை. ‘பராமரிப்பாளர்’ என்பது அலுவலகச் சொல். மருத்துவமனை வாயிலில் அவர் ‘அட்டெண்டர்’. ஊரார் பேச்சில் ‘கூட இருக்கிறவங்க’.

குடும்பம் குற்றவாளியாகவும் துணைவனாகவும்

காலனிய அரசு மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்தது. சென்னையில் 1794-இல் தொடங்கிய காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்திற்கு மாறிப் பெருநிறுவனமாயிற்று. அங்கே உறவினர் வெறும் பார்வையாளர். இந்நிலையை மாற்றியவர்களுள் அமிர்தசரஸ் மருத்துவமனையின் வித்யாசாகர் குறிப்பிடத்தக்கவர். 1950-களில் அவர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து உறவினரை நோயாளியுடன் தங்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் உறவினர் உடன் தங்குவதையே தன் முறையாகக் கொண்டது.

இம்மாற்றம் நோயாளிக்கு நன்மை பயந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் உடன் தங்கிய உறவினரின் நிலை உடனடியாக ஆய்வுப் பொருளாகவில்லை. அக்காலத்தில் இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் முதலியோர் மேற்கொண்ட ஆய்வுகள், வீட்டாரின் கடுஞ்சொல்லும் மிகைத் தலையீடும் நோய் மீள்வதற்குக் காரணமாகின்றனவா என்றே வினவின. அவ்வினாவில் குடும்பம் நோயின் காரணியாக நின்றது; நோயால் துன்புறும் மற்றொரு தரப்பாக நிற்கவில்லை. 1963-இல் கிராட், செயின்ஸ்பரி ஆகியோரின் ஆய்வு குடும்பத்தின் சுமையைத் தனியே நோக்கியது. இந்தியாவில் பெங்களூரைச் சேர்ந்த பாய், கபூர் ஆகியோர் 1981-இல் குடும்பச் சுமைக்கான நேர்காணல் அட்டவணையை வெளியிட்டனர். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைச் (ஸ்கார்ஃப்) சேர்ந்த தாரா முதலியோர் 1998-இல் 40 வினாக்கள் கொண்ட சுமை மதிப்பீட்டு அட்டவணையை உருவாக்கினர். கணவன் மனைவி உறவு, பராமரிப்பாளரின் உடல் மன நலம், வெளியார் துணை, அன்றாட ஒழுங்கு எனப் பல கூறுகளை அது தனித்தனியே வினவுகிறது.

இவ்வட்டவணைகளின் பயனை ஏற்கும்போதே ஒரு வேறுபாட்டை வற்புறுத்த வேண்டியுள்ளது. சுமை என்பது பணியின் அளவும் அதனால் நேரும் இழப்பும். மனச்சோர்வு என்பது நோய். சுமை மிகுந்தோர் அனைவரும் நோயுறுவதில்லை. சுமை குறைவாகத் தோன்றும் வீட்டிலும் நோய் இருக்கக்கூடும். சுமையை அளந்ததோடு நின்றுவிட்டால், சிகிச்சை வேண்டிய ஒருவர் வெறும் களைப்புற்றவராகவே கணக்கிடப்படுவார். பராமரிப்பாளர் மருத்துவமனைக்கு வாரந்தோறும் வருபவர்தாம். ஆயினும் அவர் கையிலிருப்பது பிறருடைய ஓ.பி. சீட்டு. தம் உறக்கமின்மையையும் உடல்வலியையும் அவர் கூற நேர்ந்தாலும் அவை வலி மாத்திரையோடு முடிந்துவிடுகின்றன.

ஏர்வாடியும் எல்லைக்கோடுகளும்

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியதில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் உட்பட 28 பேர் இறந்தனர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பொதுவெளியில் எழுந்த வினா, பெற்றவர்களே பிள்ளைகளை இப்படி விட்டுச் செல்வார்களா என்பது. அவ்வினா முறையானதன்று. தர்காவின் மீதான நம்பிக்கை ஒருபுறமிருக்க, அன்று தமிழ்நாட்டில் அரசு மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் மட்டுமே இருந்தது. மீன்சுருட்டி போன்ற ஊரிலிருந்து அது 200 கிலோமீட்டருக்கும் அப்பால். இரவு முழுதும் விழித்திருந்து பல ஆண்டுகள் கழித்த தாய்க்கு, சில நாள் ஓய்வளிக்கும் ஏற்பாடு எதுவும் அருகில் இல்லை. சங்கிலியை நியாயப்படுத்த முடியாது. ஆனால் அதனைக் கொடுமையாக மட்டும் எழுதும் வரலாறு, ஓய்ந்துபோன பராமரிப்பாளரைக் காணத் தவறுகிறது.

மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் தொடங்கி, தமிழ்நாட்டில் 1997-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திற்கு வந்தது. மீன்சுருட்டி பன்னெடுங்காலம் அம்மாவட்டத்தில் இருந்த ஊர். 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சென்றது. இரண்டே ஆண்டு இடைவெளியில், மாவட்டத்தின் பெயரால் அமைந்த திட்டத்திற்கு அது வெளியூராயிற்று. பின்னர் 2001-இல் அரியலூர் தனி மாவட்டமாகி, மீண்டும் இணைந்து, 2007-இல் மறுபடி பிரிந்தது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது.

சட்டம் கண்ட பராமரிப்பாளர்

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பேணுதலைக் கடமையாக்கியது. முதியவரைக் கைவிடுவோர்க்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் என வகுத்தது. கடமையை ஆற்றுபவரின் நலம் குறித்து அது பேசவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் பராமரிப்பாளரை வரையறுத்தன. ஊதியம் பெற்றோ பெறாமலோ பணி செய்பவர் என்று இரு வரையறைகளிலும் வருவது கவனத்திற்குரியது. முந்தைய சட்டத்தின் 24-ஆம் பிரிவு, மிகுந்த துணை தேவைப்படும் மாற்றுத்திறனாளிக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதைக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்தப் படியும் மாற்றுத்திறனாளியின் உரிமையாகவே வைக்கப்பட்டுள்ளது.

இப்பணி யார்மேல் விழுகிறது என்பதை 2019-ஆம் ஆண்டின் தேசியக் காலப் பயன்பாட்டு ஆய்வு காட்டுகிறது. வீட்டாரை ஊதியமின்றிப் பேணுவதில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 134 நிமிடங்களும் ஆண்கள் 76 நிமிடங்களும் செலவிட்டனர். குழந்தை வளர்ப்பும் இதனுள் அடங்குவதால் நோயாளிப் பராமரிப்பை இதிலிருந்து தனியே பிரித்தறிய இயலாது. மேலும், நோயாளி எழுந்துவிடுவாரோ எனச் செவியைத் தீட்டிக்கொண்டு பாதி உறக்கத்தில் கழியும் இரவு இவ்வகைக் கணக்கில் உறக்கமாகவே பதிவாகும். மனச்சோர்வுக்கு வித்திடுவன பெரும்பாலும் அத்தகைய இரவுகளே.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளையும் நோய்தணிப்புப் பேணலையும் இயன்முறை மருத்துவத்தையும் வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. வீட்டு வாயிலில் களப்பணியாளரை எதிர்கொள்பவர் பெரும்பாலும் பராமரிப்பாளரே. மாத்திரையை வாங்கிக்கொள்பவரும், காலை எவ்வாறு மடக்கி நீட்டுவது என்று கற்றுக்கொள்பவரும் அவரே. அவருடைய உறக்கத்தையும் பசியையும் பற்றி இரண்டு வினாக்கள் கேட்க, அந்த வாயிலைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.